சொந்தக் கட்சியைத் தாண்டி ஓட்டுப் போடுவது

தர்மபுரியில் குரூப் 2, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரசியலமைப்புப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒரு ஞாயிறு குடியரசுத் தலைவர் தேர்தல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பேச்சு அமெரிக்க அதிபர் தேர்தல் பக்கம் திரும்பியது. பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெண் கேட்டாள்: "சார், அங்கே வாக்காளர் பட்டியலிலேயே எந்தக் கட்சி என்று எழுதிக் கொடுக்கிறார்களாமே. அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு மாற்றிப் போட்டால் அந்த ஓட்டு செல்லுமா?"

செல்லும் என்றேன். "அப்புறம் எதற்கு எழுதி வாங்குகிறார்கள்?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குப் பதில் சொல்லப் போய் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. அன்றைக்குப் பேசியதையும் அவசரத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம்ம ஊர்த் தேர்தலில் ஒரு தடவை வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவருக்கு இதில் எதுவும் கடினமாக இருக்காது.

மாமா அழுத்திய இரண்டு பொத்தான்கள்

கட்சி தாண்டி ஓட்டுப் போடுவது வேறு, கட்சி தாவுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. கட்சி தாவுகிறவர் வேட்டிக் கரையை மாற்றிக்கொள்கிறார், அடுத்த நாள் முதல் வேறு மேடையில் பேசுகிறார். கட்சி தாண்டி ஓட்டுப் போடுகிறவர் எதையும் மாற்றுவதில்லை. தன் கட்சியிலேயே இருந்துகொண்டு அந்த ஒரு தேர்தலில், அந்த ஒரு பதவிக்கு மட்டும், எதிர்ப்பக்க வேட்பாளருக்குப் போட்டுவிட்டு வருகிறார்.

நம்ம மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 18 அன்று நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. அந்த இரண்டு தொகுதிக்காரர்களும் அன்றைக்கு இரண்டு எந்திரத்தில் பொத்தான் அழுத்தினார்கள். தர்மபுரி நாடாளுமன்றத் தொகுதியில் தி.மு.க.வின் செந்தில்குமார் பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸை வென்றார். அதே நாள் பதிவான ஓட்டில் இரண்டு இடைத்தேர்தலிலும் அ.தி.மு.க. ஜெயித்தது. பா.ம.க.வும் அ.தி.மு.க.வும் அப்போது ஒரே அணி.

இந்த முடிவை மட்டும் பார்த்து இத்தனை பேர் மாற்றிப் போட்டார்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. நாடாளுமன்றத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன, மற்ற நான்கின் ஓட்டும் அந்த வெற்றியில் கலந்திருக்கிறது. ஆனால் மாற்றிப் போட்டவர்கள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இருக்கும் என் தாய்மாமா அவர்களில் ஒருவர். ஒரு எந்திரத்தில் தன் அணிக்கும் அடுத்த எந்திரத்தில் எதிரணிக்கும் அழுத்திவிட்டு வந்தார். "டெல்லிக்கு ஒரு கணக்கு, சென்னைக்கு ஒரு கணக்கு" என்றார், அவ்வளவுதான். அதற்கு முன்பும் அவர் தன் கட்சியின் கிளை நிர்வாகி, இன்றைக்கும் அதே கிளை நிர்வாகி.

இனி அமெரிக்காவுக்குப் போகலாம்.

பட்டியலில் கட்சிப் பெயர் எதற்கு?

நம்ம ஊரில் வேட்பாளர் பட்டியல் கட்சித் தலைமையிடமிருந்து வருகிறது. சீட்டு யாருக்கு என்று தெரிந்துகொள்ள நாமெல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்போம். அமெரிக்காவில் அந்த வேட்பாளரையே பொதுமக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரைமரி என்று சொல்வது அதைத்தான். குடியரசுக் கட்சிக்கு ஒரு பிரைமரி, ஜனநாயகக் கட்சிக்கு ஒரு பிரைமரி. ஒரு கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அந்தக் கட்சிக்காரர் மட்டும் வரலாமா, யார் வேண்டுமானாலும் வரலாமா என்ற கேள்வி எழுமில்லையா? அதற்காகத்தான் சுமார் 30 மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே கட்சியைக் கேட்டு எழுதி வைக்கிறார்கள். பென்சில்வேனியா, ஃபுளோரிடா, நியூயார்க் மாநிலங்களில் அந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டுமே அதன் பிரைமரியில் ஓட்டுப் போட முடியும். டெக்சாஸ், ஜார்ஜியா, மிச்சிகன் மாநிலங்களில் கட்சியைக் கேட்பதே இல்லை.

நவம்பரில் நடக்கும் உண்மையான தேர்தலுக்கும் இந்தப் பதிவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது ரகசிய வாக்கெடுப்பு. ஜனநாயகக் கட்சி என்று பதிந்தவர் குடியரசுக் கட்சிக்குப் போடலாம், போட்டதை யாரும் கேட்க முடியாது, பதிவும் அப்படியே இருக்கும்.

ஓசூரிலிருந்து போய் வட கரோலினாவில் குடியேறிய என் அத்தை மகன் 2024இல்தான் அங்கே முதல் தடவை ஓட்டுப் போட்டான். எந்தக் கட்சியும் இல்லை என்று பதிந்திருக்கிறான். அந்த மாநிலத்தில் இரண்டு பெரிய கட்சிகளில் எந்த ஒன்றில் பதிந்தவர்களை எடுத்தாலும், அவர்களை விட அப்படிப் பதிந்தவர்கள்தான் அதிகம். ஓட்டுச்சீட்டைப் பற்றி அவன் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. நம்முடையதுபோல் ஒரு பதவி, ஒரு பொத்தான் என்று முடிந்துவிடுவதில்லை. அதிபரில் தொடங்கி ஆளுநர், துணை ஆளுநர், தலைமை வழக்கறிஞர், நீதிபதிகள் என்று ஒரே சீட்டில் வரிசையாக வருகிறது. ஒவ்வொரு பதவிக்கும் தனியாக ஒரு வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். சில மாநிலங்களில் கட்சிப் பெயருக்கு நேராக ஒரே குறி போட்டு எல்லாப் பதவிக்கும் அந்தக் கட்சியையே தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. வட கரோலினா அதை 2013இல் சட்டம் போட்டு நீக்கிவிட்டது.

(இங்கே ஒரு விளக்கம். அமெரிக்காவில் ஆளுநர் என்றால் நம்ம ஊர் ஆளுநர் மாதிரி இல்லை. நம்ம முதலமைச்சர் இடத்தில் இருப்பவர், மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்.)

அந்த நீளச் சீட்டில் 2024இல் என்ன நடந்தது தெரியுமா? வட கரோலினாவில் அதிபர் ஓட்டில் குடியரசுக் கட்சியின் டிரம்ப், கமலா ஹாரிஸை சுமார் 1.8 லட்சம் ஓட்டில் முந்தினார். அதே சீட்டில் ஆளுநர் ஓட்டில் ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டெயின், குடியரசுக் கட்சியின் மார்க் ராபின்சனை 8 லட்சத்துக்கும் மேல் முந்தினார். டிரம்ப் வாங்கிய ஓட்டை விட ராபின்சன் வாங்கியது சுமார் ஆறரை லட்சம் குறைவு. ஹாரிஸ் வாங்கியதை விட ஸ்டெயின் வாங்கியது சுமார் மூன்றரை லட்சம் அதிகம். ஒரே சீட்டு, ஒரே பேனா, மேலே ஒரு கட்சி, கீழே வேறு கட்சி. மாமா பாப்பிரெட்டிப்பட்டியில் செய்ததை அங்கே லட்சக்கணக்கானவர்கள் செய்திருக்கிறார்கள்.

அத்தை மகன் யாருக்குப் போட்டான் என்று நான் கேட்கவில்லை.

794 ஓட்டு

மாற்றிப் போடும் ஓட்டின் கனத்தைப் புரிந்துகொள்ள நாம் அமெரிக்கா வரை போக வேண்டாம், கிருஷ்ணகிரி போதும். 2021 சட்டமன்றத் தேர்தலில் கிருஷ்ணகிரித் தொகுதியில் அ.தி.மு.க.வின் அசோக்குமார் தி.மு.க.வின் செங்குட்டுவனை வென்றது வெறும் 794 ஓட்டு வித்தியாசத்தில். இருவருக்கும் தலா 95 ஆயிரத்துக்கு மேல் விழுந்திருந்தது.

பிள்ளைகளிடம் இதைக் கணக்காகக் கேட்டேன். வென்றவருக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு வீட்டிலேயே இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும்? 795 பேர். சரி, அவர்கள் வீட்டில் இருக்காமல் வந்து எதிர்ப்பக்கம் போட்டிருந்தால்? பெரும்பாலானவர்கள் மறுபடியும் 795 என்றார்கள். பென்னாகரத்துப் பெண் மட்டும் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு 398 என்றாள். அதுதான் சரி. ஒருவர் மாற்றிப் போடும்போது இந்தப் பக்கம் ஒன்று குறைகிறது, அந்தப் பக்கம் ஒன்று கூடுகிறது. வித்தியாசம் இரண்டு நகர்கிறது. 397 பேர் மாறினால் சமம், 398 பேர் மாறினால் தோல்வி வெற்றியாகும்.

அதனால்தான் கட்சிகள் மாற்றிப் போடக்கூடிய ஒருவரைத் தேடி அவ்வளவு அலைகின்றன. புதிதாக ஒருவரை வாக்குச்சாவடிக்குக் கூட்டி வந்தால் கிடைப்பது ஒன்று, எதிரணிக்காரர் ஒருவரைத் திருப்பினால் கிடைப்பது இரண்டு.

இதே கணக்கை இப்போது மிச்சிகனில் போட்டுப் பாருங்கள். 2016 அதிபர் தேர்தலில் அந்த மாநிலத்தில் விழுந்தது சுமார் 48 லட்சம் ஓட்டு. டிரம்ப் ஹிலாரி கிளிண்டனை முந்தியது 10,704 ஓட்டில். 5,353 பேர் மாற்றிப் போட்டிருந்தால் மிச்சிகன் கைமாறியிருக்கும். கைமாறுவது என்றால் அந்தச் சில ஆயிரம் ஓட்டு மட்டும் மாறுவதில்லை. அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது 538 தேர்வாளர் ஓட்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று பங்கு உண்டு, 270 கிடைத்தவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலத்திலும், முந்தியவருக்கே அந்த மாநிலத்தின் பங்கு முழுவதும் போய்விடும். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து டிரம்ப் முந்தியது 78 ஆயிரத்துக்குள். அந்த மூன்றுதான் அவரை அதிபராக்கின.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கலிஃபோர்னியா 1988க்குப் பிறகு குடியரசுக் கட்சிக்குப் போனதே இல்லை. அங்கே இருக்கும் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் மாற்றிப் போட்டாலும், குடியரசுக் கட்சிக்காரர் மாற்றிப் போட்டாலும், அந்த 54 தேர்வாளர் ஓட்டு அசையப் போவதில்லை. அப்படிப்பட்ட மாநிலத்தில் இருப்பவர் முடிவைப் பற்றிக் கவலைப்படாமல் மனசுக்குப் பட்டபடி போடலாம். மிச்சிகன்காரருக்கு அந்த வசதி இல்லை. தாண்டலாமா வேண்டாமா என்று ஒருவர் யோசிக்கும்போது வேட்பாளரோடு சேர்த்து, தான் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறோம் என்பதையும் யோசிக்கிறார்.

மனசுக்குள் நடப்பது

கணக்கு சுலபம், மனசுதான் கடினம். வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புகளில் தன்னை ஒரு கட்சிக்காரராகச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்கர்களில் பத்துக்கு ஒன்பது பேர், சில தேர்தல்களில் அதற்கும் மேல், தன் கட்சி வேட்பாளருக்கே போடுகிறார்கள். தாண்டுகிறவர் அந்தப் பத்தாவது ஆள். அவர் ஏன் தாண்டுகிறார்?

சிலருக்குக் கட்சி பிடிக்கும், நிறுத்தியிருக்கும் ஆளைப் பிடிக்காது. 2008இல் காலின் பவல் குடியரசுக் கட்சிக்காரர், புஷ் அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். அவர் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்கு ஓட்டுப் போடப் போவதாக வெளிப்படையாக அறிவித்தார். 2024இல் குடியரசுக் கட்சியின் முன்னாள் துணை அதிபர் டிக் செனியும் அவர் மகள் லிஸ் செனியும் ஹாரிஸுக்கு ஆதரவு என்றார்கள். பவல் ஆதரித்தவர் வென்றார், செனி ஆதரித்தவர் தோற்றார். பெரிய தலை தாண்டினால் பின்னால் கூட்டமும் தாண்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் நம்ம ஊருக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படுகிறது. தர்மபுரியில் மாம்பழத்துக்கு ஓட்டுப் போட்டுப் பழகியவர் ஒரு தேர்தலில் உதயசூரியனுக்கும் அடுத்த தேர்தலில் இரட்டை இலைக்கும் அழுத்தியிருப்பார். 2011இல் பா.ம.க. ஒரு அணியில் இருந்தது, 2021இல் எதிரணியில். தலைமை கூட்டணி வைத்தது, தொண்டர் வேறு சின்னத்தில் அழுத்தினார். தேர்தல் முடிந்ததும் டீக்கடையில் கேட்கும் முதல் கேள்வியே "ஓட்டு முழுசா மாறுச்சா?" என்பதுதான். ஆக, வேறு சின்னத்தில் கை வைப்பது நமக்குப் புதிதே இல்லை. ஆனால் நாம் பெரும்பாலும் தலைமை சொல்லி மாற்றுகிறோம். அமெரிக்கர் ஒருவர் மாற்றிப் போட்டால் தலைமை சொன்னதற்கு எதிராகப் போடுகிறார். அந்தத் தனிமை நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

வேறு சிலர், நான் மாறவில்லை, கட்சிதான் என்னை விட்டு நகர்ந்துவிட்டது என்கிறார்கள். மிச்சிகனில் டெட்ராய்ட் நகரை ஒட்டி மக்கோம்ப் என்று ஒரு மாவட்டம். கார் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த இடம். ஓசூர் சிப்காட்டைச் சுற்றியிருக்கும் குடியிருப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள், ஷிப்ட் முடிந்து கூட்டமாக வெளியே வரும் ஆட்கள், தொழிற்சங்கம். 1960இல் அங்கே ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கு 63 சதவீதம் ஓட்டு விழுந்தது. 1984இல் அதே மாவட்டம் குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு 66 சதவீதம் கொடுத்தது. இப்படித் தாண்டியவர்களுக்கு "ரீகன் ஜனநாயகக் கட்சியினர்" என்று பெயரே வந்துவிட்டது. ரீகனும் ஒரு காலத்தில் ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்தவர்தான், 1962இல்தான் மாறினார். மக்கோம்ப் அதோடு நிற்கவில்லை. 2008, 2012 இரண்டிலும் ஒபாமாவுக்கு, 2016இல் டிரம்புக்கு. அந்த ஒரு மாவட்டத்தில் டிரம்ப் முந்திய ஓட்டு, மிச்சிகன் முழுவதிலும் அவர் முந்திய 10,704ஐ விடப் பல மடங்கு.

நம்ம பர்கூரையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். 1991இல் ஜெயலலிதா அங்கே வென்று முதலமைச்சரானார். 1996இல் முதலமைச்சராக இருந்துகொண்டே அதே தொகுதியில் தி.மு.க.வின் சுகவனத்திடம் 8 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டில் தோற்றார். ஐந்து வருடத்தில் புது வாக்காளர்கள் சேர்ந்திருப்பார்கள், அணிகளும் மாறின. ஆனாலும் 1991இல் குத்திய இடத்திலேயே 1996இல் குத்தாதவர்கள் நிறையப் பேர் இல்லாமல் அந்த முடிவு வந்திருக்காது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, எனக்கு மிகவும் சுவாரசியமாகத் தோன்றுவது அதுதான். ஆளைப் பிடிக்கவில்லை, ஆனாலும் தாண்டாதவர்கள். அவர்களை வெறும் கட்சி வெறியர்கள் என்று தள்ளிவிட முடியாது. அதிபருக்குப் போடும் ஓட்டு ஒரு ஆளோடு நிற்பதில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிப்பவர் அதிபர், செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். அந்த நீதிபதிகளுக்கு ஓய்வு வயது கிடையாது. 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தார், தேர்தல் முடியும் வரை அந்த இடம் காலியாகவே இருந்தது. டிரம்ப் தான் யார் யாரை நியமிக்கக்கூடும் என்று ஒரு பட்டியலையே வெளியிட்டார். வேட்பாளரின் பேச்சும் போக்கும் பிடிக்காத பலர், நீதிபதிகளை நினைத்துத் தன் கட்சியிலேயே நின்றார்கள். அந்த நான்கு வருடத்தில் டிரம்ப் மூன்று நீதிபதிகளை நியமித்தார். நான்கு வருடப் பதவிக்குப் போட்ட ஓட்டு முப்பது வருடம் பேசும் என்றால், ஆளைப் பிடிக்கவில்லை என்பது மட்டும் போதுமா என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கும் இதே நீதிபதிக் கணக்குதான், திசை மட்டும் வேறு.

தாண்டவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் நடுவில் தவிப்பவர்கள் பாதி தாண்டுகிறார்கள். 2016இல் முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன் கட்சி வேட்பாளரான டிரம்புக்கும் போடவில்லை, ஹிலாரிக்கும் போடவில்லை. அதிபர் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கீழே மற்றப் பதவிகளுக்குத் தன் கட்சிக்கே போட்டார். 2012இல் அதே கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற மிட் ரோம்னி 2016இல் தன் மனைவி ஆனின் பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டதாகச் சொன்னார். அங்கே பல மாநிலங்களில் பெயரைக் கையால் எழுதிச் சேர்க்க இடம் உண்டு. நம்ம நோட்டாவுக்குக் கிட்டத்தட்ட இது சொந்தம். கிருஷ்ணகிரிக் கணக்கில் சொன்னால், இவர்கள் 398இல் சேர மாட்டார்கள், 795இல் சேர்வார்கள். வித்தியாசம் இரண்டு நகர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நகரும்.

நம்ம குடியரசுத் தலைவர் தேர்தலில்

பாடத்துக்குத் திரும்பி வந்தோம். இந்தியக் குடியரசுத் தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிறார்கள். ஒவ்வொருவர் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 எம்.எல்.ஏ.க்களால் வகுத்து, மறுபடி 1000ஆல் வகுத்தால் 176. இந்த 176ஐ எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்திருந்தார்கள். ஆனால் நம்ம எம்.எல்.ஏ. எப்படிப் போடுவார், யார் சொல்லிப் போடுவார் என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

யாரும் உத்தரவு போட முடியாது என்பதுதான் பதில். சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தின் மேல் ஓட்டெடுப்பு வந்தால் கட்சி கொறடா, அதாவது சபையில் தன் கட்சிக்காரர்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பாளர், உத்தரவு போடலாம், மீறினால் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போகலாம். அந்தச் சட்டத்தின் கடுமை நம்ம பக்கத்துக்கு நன்றாகத் தெரியும். மேலே சொன்ன அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இடைத்தேர்தலே, 2017இல் சபாநாயகர் 18 எம்.எல்.ஏ.க்களை அந்தச் சட்டத்தின்கீழ் தகுதி நீக்கம் செய்ததால் வந்ததுதான். ஆனால் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, கொறடாவுக்கு அங்கே வேலை இல்லை. ஓட்டும் ரகசியம். மாநிலங்களவைத் தேர்தல் அப்படி இல்லை, 2003இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு கட்சிக்காரர் தன் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும்.

இந்தச் சுதந்திரம் இந்தியாவையே உலுக்கிய வருடம் 1969. குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே மே மாதம் காலமானார். காங்கிரஸ் கட்சி நிறுத்திய வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. துணைக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரி சுயேச்சையாக நின்றார். அவர் 1937இல் ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். காங்கிரஸ் பிரதமரான இந்திரா காந்தி, தன் கட்சி வேட்பாளர் களத்தில் இருக்கும்போதே, மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று கட்சியினரிடம் சொல்லிவிட்டார். இந்தத் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் குறி போடுவதில்லை, வேட்பாளர்களுக்கு 1, 2 என்று விருப்ப வரிசை எழுதுவார்கள். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. மூன்றாவதாக வந்த சி.டி. தேஷ்முக்கின் சீட்டுகளில் இரண்டாம் விருப்பத்தைப் பிரித்துச் சேர்த்த பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தி.மு.க.வும் இடதுசாரிகளும் கிரிக்குப் போட்டது ஒரு பக்கம். காங்கிரஸ்காரர்கள் திரளாகத் தாண்டாமல் அந்த வெற்றி இல்லை. சில மாதத்தில், நவம்பரில், காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. காமராஜர் ஒரு பக்கம், இந்திரா மறுபக்கம்.

இப்போது நம்ம இரண்டு மாவட்டத்துக் கணக்கைப் போடலாம். 2022 ஜூலையில் திரௌபதி முர்முவும் யஷ்வந்த் சின்ஹாவும் போட்டியிட்டார்கள். தர்மபுரி மாவட்டத்தில் ஐந்து எம்.எல்.ஏ., கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆறு. அந்தப் பதினொரு பேரில் அ.தி.மு.க. ஆறு, பா.ம.க. இரண்டு, தி.மு.க. இரண்டு, தளியிலிருந்து இந்தியக் கம்யூனிஸ்ட் ஒன்று. அ.தி.மு.க.வும் பா.ம.க.வும் முர்மு பக்கம், மற்ற மூவரின் கட்சிகள் சின்ஹா பக்கம். எல்லோரும் கட்சி முடிவுப்படியே போட்டிருந்தால் முர்முவுக்கு 1,408, சின்ஹாவுக்கு 528. அப்புறம் இரண்டு மக்களவை எம்.பி.க்கள், தர்மபுரியில் தி.மு.க., கிருஷ்ணகிரியில் காங்கிரஸ். அந்தத் தேர்தலில் ஒரு எம்.பி.யின் ஓட்டு மதிப்பு 700. அந்த 1,400ஐச் சேர்த்தால் சின்ஹா 1,928க்கு ஏறிவிடுகிறார். பதினொரு பேர் போட்ட கணக்கை இரண்டு பேர் புரட்டிவிடுகிறார்கள். அந்த இருவரில் ஒருவர் மட்டும் தாண்டினால் கணக்கு மறுபடி கவிழ்ந்து முர்மு 2,108, சின்ஹா 1,228 ஆகிவிடும்.

பென்னாகரத்துப் பெண் கையைத் தூக்கினாள். "சார், எங்கள் ஓட்டில் கட்சிச் சின்னத்தில் ஜெயித்துவிட்டு அவர் மாற்றிப் போடலாமா?"

எனக்கு இதில் முழுத் தெளிவு இருப்பதாகச் சொல்ல மாட்டேன். மாமா மாற்றிப் போட்டால் அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அந்த ஓட்டு அவருடையது. எம்.எல்.ஏ.வின் கையில் இருக்கும் 176 நம்மிடமிருந்து போனது. அவர் என்ன செய்தார் என்று நமக்குத் தெரியாமலே போவது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் குடியரசுத் தலைவர் ஒரு கட்சியின் ஆளாக இருக்கக் கூடாத பதவி. அதற்குப் போடும் ஓட்டிலாவது கொறடாவின் கை எட்டாமல் இருக்கட்டும் என்றுதான் என் மனசு சாய்கிறது. அவளிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ அவர் என்னிடம் கேட்டிருக்க வேண்டும்" என்றாள்.

2022 முடிவில் பிள்ளைகளை உட்கார வைத்தது கேரளம். மொத்த மதிப்பில் முர்மு 6,76,803, சின்ஹா 3,80,177. கேரளச் சட்டமன்றத்தில் 140 பேர். முர்முவை நிறுத்திய அணிக்கு அப்போது அங்கே ஒரு எம்.எல்.ஏ.கூடக் கிடையாது. ஆளும் அணி, எதிரணி இரண்டுமே சின்ஹா பக்கம். 140க்கு 140 வர வேண்டும். எண்ணியபோது சின்ஹாவுக்கு 139, முர்முவுக்கு ஒன்று.

"அந்த ஒருவர் யார் சார்? கண்டுபிடிக்க முடியாதா?"

முடியாது. சீட்டில் போட்டவரின் பெயர் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. வேட்பாளர் பெயருக்கு நேராக 1, 2 என்று எண் மட்டும்தான் எழுத வேண்டும். அதையும் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவு அறையில் கொடுக்கும் ஊதா மைப் பேனாவால்தான் எழுத வேண்டும். சட்டைப் பையிலிருக்கும் சொந்தப் பேனாவை எடுத்து எழுதினால் சீட்டு செல்லாது. 140 பேருக்கும் ஒரே மை.